குன்றின் மேல் ஏறிய கிராமம்: வால்மேயரின் மக்கள்தொகை சொல்லும் வரலாறு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வால்மேயர் என்றொரு சிறு கிராமம் உள்ளது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 1990இல் அங்கு 897 பேர் வாழ்ந்தனர். 2000இல் அந்த எண்ணிக்கை 608ஆகச் சரிந்தது. 2010இல் 1,263ஆக உயர்ந்தது. 2020இல் 1,233ஆகப் பதிவானது.

இந்த எண்கள் அனைத்தும் ஒரே கிராமத்துக்கு உரியவை. ஆனால் ஒரே இடத்துக்கு உரியவை அல்ல. முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையில், கிராமமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் மேல் குடியேறிவிட்டது.

ஆற்றோரத் தாழ்நிலம்

மத்திய மேற்கு என அழைக்கப்படும் பகுதியில், செயின்ட் லூயிஸ் நகருக்குத் தெற்கே மன்றோ மாவட்டத்தில் வால்மேயர் அமைந்துள்ளது. இல்லினாய் மாநிலத்தில் ‘கிராமம்’ என்பது வெறும் வழக்குச் சொல் அன்று. தனக்கென மன்றமும் வரி வசூலிக்கும் உரிமையும் கொண்ட உள்ளாட்சி அமைப்புக்கு அதுவே சட்டப்பெயர். வால்மேயர் அந்தத் தகுதியை 1909ஆம் ஆண்டில் பெற்றது. ஜெர்மானிய வம்சாவளியினர் அங்கு அதிகம்.

மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் மக்காச்சோளத்திற்கும் கோதுமைக்கும் ஏற்றது. மக்கள் அங்குக் குடியேற அந்த மண் காரணம். அதே ஆறு அவர்களை அடிக்கடி விரட்டவும் செய்தது. 1910, 1943, 1944, 1947 ஆகிய ஆண்டுகளில் கிராமம் வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு ராணுவப் பொறியாளர் படை ஆற்றின் தடுப்புக் கரையை உயர்த்தியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஊருக்குள் ஆற்று வெள்ளம் வரவில்லை. ஒரு தலைமுறை வெள்ளத்தைக் காணாமலேயே வளர்ந்தது.

1993 ஆகஸ்ட்

அந்த ஆண்டு கோடையில் மத்திய மேற்கில் ஒன்பது மாநிலங்கள் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. செயின்ட் லூயிசில் ஆற்று நீர் 9.1 மீட்டரைத் தாண்டினாலே வெள்ளம் எனக் கணக்கிடப்படும். ஆகஸ்ட் 1ஆம் தேதி அது 15.1 மீட்டரைத் தொட்டது.

வால்மேயருக்கு வடக்கே தடுப்புக் கரை உடைந்தது. தாழ்நிலம் வழியாகத் தெற்கு நோக்கி வந்த நீர் கிராமத்துக்குள் புகுந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தனர். ஆற்றைத் தடுக்கக் கட்டிய கரையே, உள்ளே வந்த நீர் மீண்டும் ஆற்றுக்குப் போகாமல் தடுத்துக்கொண்டது. இதனால் வெள்ளம் வாரக்கணக்கில் வடியவில்லை. பெரும்பாலான வீடுகள் பழுதுபார்க்க முடியாத நிலைக்குச் சென்றன.

ஏன் அங்கேயே கட்டவில்லை?

வெள்ள அபாயப் பகுதியில் ஒரு வீட்டின் சேதம் அதன் மதிப்பில் பாதியைத் தாண்டினால், அதைப் பழையபடி கட்ட முடியாது என்பது கூட்டரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. எந்தவோர் ஆண்டிலும் ஒரு விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேலாக வீட்டை உயர்த்தியாக வேண்டும். வால்மேயரில் பெரும்பாலான வீடுகள் இந்த விதிக்குள் வந்தன. ஒவ்வொரு வீட்டையும் தூண்கள் மேல் நிறுத்துவது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகவில்லை.

எஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, ஆளுக்கொரு திசையில் பிரிந்து போவது. மற்றொன்று, எல்லோரும் சேர்ந்து இடம் மாறுவது. அப்போதைய மேயர் டென்னிஸ் நோப்லாக்கின் தலைமையில் கிராமம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. கிழக்கே, தாழ்நிலத்தைவிட ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில், 500 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. தெருக்கள், பள்ளி, தேவாலயங்கள், குடிநீர் என ஒவ்வொன்றையும் திட்டமிடக் கிராம மக்களே குழுக்கள் அமைத்தனர்.

1993 டிசம்பரில் கூட்டரசுச் சட்டம் ஒன்று திருத்தப்பட்டது. வெள்ளப் பகுதி வீடுகளை வாங்கி அகற்றும் செலவில் கூட்டரசின் பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வாறு வாங்கப்படும் நிலத்தில் இனி எவரும் வீடு கட்ட முடியாது. அது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும்.

608 என்ற எண்

புதிய இடத்தில் அதே டிசம்பரில் பணிகள் தொடங்கின. ஆனால் முதல் குடும்பங்கள் அங்குக் குடியேறியபோது 1995ஆம் ஆண்டு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் கூட்டரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா வழங்கிய நடமாடும் வீடுகளில் தங்கினர். அந்தக் குடியிருப்புக்கு அவர்களே ‘ஃபெமாவில்’ எனக் கிண்டலாகப் பெயர் வைத்தனர். பிள்ளைகள் தற்காலிக வகுப்பறைகளில் படித்தனர்.

அரசாங்கத்தின் இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகளிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் குடும்பம் இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது எளிதன்று. புதிய வீடு கட்டக் கடன் வாங்க விரும்பாத முதியவர்களும் இருந்தனர். பலர் அக்கம்பக்கத்து ஊர்களிலேயே வீடு பார்த்துக்கொண்டனர். 2000ஆம் ஆண்டின் 608 என்ற எண்ணில் அந்தக் காத்திருப்பின் விலையும் அடங்கியிருக்கிறது.

அடுத்த பத்தாண்டில் வந்த உயர்வுக்குக் காரணம், பிரிந்துபோனவர்கள் எல்லோரும் திரும்பியதன்று. புதிய பள்ளியும் மேட்டு நிலமும் காலி மனைகளும் புதிய குடும்பங்களை ஈர்த்தன. அங்கிருந்து செயின்ட் லூயிஸ் வட்டாரத்துக்கு வேலைக்குப் போய் வரலாம்.

கிடைத்ததும் இழந்ததும்

புதிய வால்மேயர் வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. குன்றின் அடியில் இருக்கும் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் இன்று கிடங்காகப் பயன்படுகிறது. உள்ளே வெப்பநிலை அதிகம் மாறாது என்பதால், தேசிய ஆவணக் காப்பகமும் அங்கு ஆவணங்களைச் சேமித்து வைத்துள்ளது.

ஆனால் பழைய கிராமத்தில் மக்கள் நடந்தே போய்வந்த கடைத்தெரு அதே வடிவில் மேலே ஏறி வரவில்லை. வீடுகள் விலகி நிற்கின்றன. பல சிறு வணிகங்கள் திரும்பவே இல்லை.

கீழே பழைய தெருக்களின் கோடுகள் இன்றும் தெரிகின்றன. வீடுகள் இருந்த மனைகள் புல்வெளியாகவும் விளைநிலமாகவும் மாறிவிட்டன. வெள்ளத்துக்குப் பிறகும் நகர மறுத்த சில குடும்பங்கள் அங்கேயே தங்கின.

மிசூரி மாநிலத்தின் பேட்டன்ஸ்பர்க் ஊரும் அதே 1993 வெள்ளத்துக்குப் பிறகு இடம் மாறியது. ஓர் ஊரை நகர்த்தப் பணமும் நிலமும் மட்டும் போதாது என்பதை வால்மேயரின் எண்கள் காட்டுகின்றன. அனுமதிகள் எவ்வளவு விரைவாகக் கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே, பழைய ஊரில் எத்தனை பேர் புதிய ஊருக்கு வந்து சேர்வார்கள் என்பதும் அமைகிறது.