கைப்பேசிக்குள் ஒரு சூதாட்ட மேசை



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என நம் பகுதி தோலையும் காலணியையும் நம்பி வாழ்கிறது. சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. கணக்கோ கைப்பேசியோடு இணைந்திருக்கிறது. முன்பெல்லாம் சீட்டாட ஆள் சேரவேண்டும், மறைவிடம் தேடவேண்டும். இன்று போர்வைக்குள்ளேயே ஆடிவிடலாம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாது.

'இது திறமை விளையாட்டு' என்பதுதான் பலரை இழுக்கும் தூண்டில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம திறமையுள்ள இரு நண்பர்கள் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் ரம்மி ஆடுகிறார்கள். ஆட்டத்திற்கு ஆளுக்கு 100 ரூபாய். அதில் நிறுவனம் 10 விழுக்காடு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மாறி மாறி வென்றாலும் 80 ஆட்டங்களில் 1,600 ரூபாய் நிறுவனத்திற்குப் போய், ஆளுக்கு 200 ரூபாய்தான் மிஞ்சும். ஆட்டத்திற்கு மூன்று நிமிடம் என்றால், நான்கு மணி நேரத்தில் இது முடிந்துவிடும். தோற்றவர் யாரிடம் தோற்றார் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழக அரசு 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்துச் சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில்தான் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், எனவே தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். பின்னர் 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்கள் உடனே அவற்றை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளின் அழைப்புகள் நின்றபாடில்லை.

திருச்சபை விளையாட்டுக்கு எதிரி அல்ல. பந்தயம் தன்னிலே நீதிக்கு முரணானது அன்று என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2413) கூறுகிறது. தனக்கும் பிறருக்கும் தேவையானதை அது பறிக்கும்போதுதான் ஏற்கமுடியாததாகிறது. இதைக் களவைப் பற்றிய ஏழாம் கட்டளையின் கீழ் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. மகளிர் குழுத் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஆட்டத்தில் போனால், அது குடும்பத்திடமிருந்து எடுத்த பணம். 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திஸ் வீடியோ விளையாட்டை விரும்பியவர்தாம். ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரம் என வரையறுத்துக்கொண்டார்.

வீட்டில் ஒருவர் சிக்கியிருந்தால் மறைக்கவேண்டாம். மத்தியச் சட்டம் தண்டிப்பது நடத்துபவர்களையே, ஆடியவரை அல்ல. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இரவும் பகலும் உண்டு; பண மோசடி என்றால் 1930. கடனை அடைக்கும் முன் முழுத் தொகையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதியைச் சொல்லி, மீதியை ஆடியே மீட்டுவிடலாம் என்று நினைப்பவர்களே அதிகம்.