கொக்குல்லோ பாம்புத் திருவிழா

கொக்குல்லோ பாம்புத் திருவிழா என்பது இத்தாலியின் அப்ருத்சோ மாநிலத்தில், அப்பெனைன் மலைத்தொடரில் உள்ள கொக்குல்லோ என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் மே 1 அன்று நடைபெறும் கத்தோலிக்கத் திருவிழா ஆகும். முன்பு மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை நடந்துவந்தது. ஊரில் வசிப்போர் சுமார் 200 பேரே. திருவிழா நாளில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர்.

புனிதர்

விழா நாயகர் சோராவின் புனித தொமெனிக்கோ (951–1031). பெனடிக்ட் சபைத் துறவியான இவர் இப்பகுதியில் பல மடங்களை நிறுவினார். தொமினிக்கன் சபையை நிறுவிய புனித தோமினிக் வேறொருவர். பாம்புக்கடி, வெறிநாய்க்கடி, பல்வலி ஆகியவற்றிலிருந்து தொமெனிக்கோ காப்பார் என்பது மக்கள் நம்பிக்கை. அவர் தம் பல் ஒன்றையும், தமது கோவேறு கழுதையின் லாடத்தையும் ஊராருக்கு விட்டுச் சென்றதாக மரபு கூறுகிறது.

கிறித்தவத்துக்கு முன்பு இங்கு வாழ்ந்த மார்சி இனத்தார் பாம்புகளை வசப்படுத்துவதில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் வழிபட்ட அங்கீத்தியா என்னும் தெய்வத்தின் நினைவே இவ்விழாவில் தொடர்கிறது என்று பலர் கருதுகின்றனர்.

விழா நிகழ்வுகள்

'செர்ப்பாரி' எனப்படும் பாம்பு பிடிப்போர் மார்ச் மாத இறுதியிலிருந்தே மலைச்சரிவுகளில் தேடத் தொடங்குகின்றனர். குளிர்கால உறக்கம் கலைந்து வெயில் காய வெளிவரும் நஞ்சற்ற பாம்புகளை மட்டுமே பிடிப்பர்.

விழாவன்று காலையில் ஆலயத்திற்கு வரும் பக்தர்கள், பல்வலி வராதிருக்க ஒரு சிறு மணியின் கயிற்றைப் பற்களால் கடித்து இழுக்கின்றனர். சுரூபத்தின் பின்புறமுள்ள குகையிலிருந்து மண் எடுத்துச் சென்று வீட்டிலும் வயலிலும் தூவுவதும் உண்டு.

நண்பகலில் புனிதரின் சுரூபம் வெளியே கொண்டுவரப்படும்போது, செர்ப்பாரிகள் அதன்மேல் பாம்புகளை இடுகின்றனர். அவை நெளிந்து சுற்றிக்கொள்ளும் விதத்தைப் பார்த்து அவ்வாண்டின் நன்மை தீமைகளைக் கணிப்பர். சுரூபத்தின் கண்களைப் பாம்பு மறைத்தால் அது தீய அறிகுறி. பின்னர் குறுகிய தெருக்களில் பவனி செல்கிறது. மரபு உடை அணிந்த பெண்கள் வளைய வடிவ இனிப்பு ரொட்டிகள் நிறைந்த கூடைகளைத் தலையில் சுமந்து வருவர்.

பாம்புகளின் பாதுகாப்பு

விழாவில் முதன்மையானது செர்வோனே என்னும் நான்கு கோடுகள் கொண்ட பாம்பு. ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும் இவ்வினம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. ஆகவே இதைப் பிடிப்பதற்குச் சிறப்பு அனுமதி தேவை. விலங்கியல் ஆய்வாளர்கள் பாம்புகளை அளந்து, உடல்நிலையைச் சோதித்து, நுண்சில்லு பொருத்துகின்றனர். விழா முடிந்ததும் ஒவ்வொரு பாம்பும் பிடித்த இடத்திலேயே விடப்படுகிறது.

பல ஊர்களில் கண்டதும் அடித்துக் கொல்லப்படும் உயிரினத்தை இவ்வூரார் அடையாளம் கண்டு, அஞ்சாமல் கையாண்டு, உயிரோடு திருப்பி விடுகின்றனர். பாம்பு அழிந்தால் விழா இல்லை. அதேபோல், இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்று ஊர் வெறுமையானால், பாம்பு பிடிக்கும் கலையைக் கற்றுக்கொள்ள ஆளிருக்காது. இதனால் இவ்விழாவைக் காப்பது என்பது வழிபாடு, வனவுயிர், ஊர் ஆகிய மூன்றையும் சேர்த்துக் காப்பதாகும்.

பார்வையாளர்களுக்கு

ரோம்–பெஸ்காரா இருப்புப்பாதையில் கொக்குல்லோவுக்கு நிலையம் உண்டு. தெருக்கள் குறுகியவை என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. செர்ப்பாரியின் அனுமதியோடு பாம்பைத் தொட்டுப் பார்க்கலாம். கழுத்தை இறுக்கிப் பிடிக்கக் கூடாது.