பார்க்காத எட்டு கிலோமீட்டர்

ரயில்வே சிக்னல் இலாகாவில் முப்பது வருஷங்களுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். 'கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன்' என்று நம் சங்கத்து இளைஞர் யாராவது சொன்னால், எனக்கு ஒற்றைப் பாதைதான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டு ஸ்டேஷன்கள், நடுவே எட்டு கிலோமீட்டர், ஒரே ரயில் பாதை. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுப்பாதையும் இருவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் அது காலியா இல்லையா என்பதில் இருவர் அறிவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 'காலி' என்றும் மற்றவர் 'வண்டி இருக்கிறது' என்றும் எண்ணினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்காக வந்ததுதான் நீல்ஸ் டோக்கன் கருவி. அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதித்தால்தான் இங்கே ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கக் கருவியும் இன்னொன்றைத் தராது. உருண்டையில் பொறித்த ஸ்டேஷன் பெயர்களைப் படித்துப் பார்த்துத்தான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

சரி, போன வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா? வழியில் இணைப்பு அறுந்து நாலு வேகன் நின்றுவிட்டால்? அதற்காகவே கடைசிப் பெட்டியின் பின்னால் 'எல்.வி.' பலகை, ராத்திரியில் சிவப்பு விளக்கு. அதைப் பார்ப்பது காண்டல். பார்த்ததைக் கொண்டு பாதை காலி என்று முடிவு செய்வது கருதல். அதை அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்ல, அவர் ஏற்றுக்கொள்வது உரை. சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று அளவைகளும் ஒரே பிளாட்பாரத்தில்!

மூன்றுக்கும் அடியில், ரூல் புத்தகத்தில் எழுதாத சில நம்பிக்கைகள் உண்டு. யாரும் பார்க்காத இடத்திலும் வேகன் வேகனாகவே நிற்கும், காற்றில் கரைந்துவிடாது. எனக்கு இருக்கும் அதே பாதைதான் அவருக்கும். நேற்று மின்சாரம் நடந்துகொண்ட விதத்திலேயே இன்றும் நடக்கும். இவற்றை நிரூபிக்கப் புறப்பட்டால், அதற்கும் இவற்றையேதான் துணைக்கு அழைக்க வேண்டும்.

வஞ்சி நகரில் காட்சி ஒன்றே அளவை என்று வாதிட்ட பூதவாதியிடம் மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். எந்த எஞ்சினியரும் இவ்வளவு கச்சிதமாகக் கேட்டிருக்க மாட்டார்!

இப்போது பல பிரிவுகளில் உருண்டை போய், ஆக்ஸில் கவுண்டர் வந்துவிட்டது. உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் அது எண்ணிக் கணக்குப் பார்க்கிறது. கணக்கில் ஒன்று பிசகினாலும் பாதை காலி என்று காட்டாது. வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஓர் ஆள் உறுதி சொன்ன பிறகே அதைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறார்கள்.