சித்தோர்க் கோட்டை: வரலாறும் வழக்குக் கதைகளும்

இராஜஸ்தானத்தின் தென்பகுதியில், கம்பீரி, பேராச் ஆகிய ஆறுகள் பாயும் சமவெளியினின்று சுமார் 180 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது சித்தோர்க் குன்று. அதன் உச்சியில் ஏறத்தாழ 280 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள கோட்டையே மேவார் நாட்டின் பழைய தலைநகரம். ஏழு வாயில்களைக் கடந்த பின்னரே மேலே செல்ல இயலும்.

கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் மதில்களையே பெரிதும் வியப்பர். ஆனால், மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்க வேண்டிய கோட்டைக்கு முதல் அரண் தண்ணீரே. சித்தோரில் ஒரு காலத்தில் குளங்களும் கிணறுகளுமாக 84 நீர்நிலைகள் இருந்தன என்பர். இன்று எஞ்சியவை 22. மேற்கு விளிம்பில் உள்ள கோமுக குண்டத்திற்குப் பாறையிடுக்கிலிருந்து ஊற்று நீர் வருகிறது. பீமன் ஒரே இரவில் இக்கோட்டையைக் கட்ட முயன்றதாகவும், பொழுது விடிந்துவிட்டதாக ஒரு யோகி அவனை ஏமாற்றவே, சினங்கொண்டு அவன் உதைத்த இடத்தில் நீர் பீறிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அக்குளத்தின் பெயர் பீம்லத். மழை குறைந்த நாட்டு மக்கள் தம் புராண வீரனிடம் கேட்டுப் பெற்றது தண்ணீரைத்தான் என்பது கருதத்தக்கது.

இக்கோட்டை மூன்று முறை வீழ்ந்தது. 1303-இல் அலாவுதீன் கில்ஜி பல மாத முற்றுகைக்குப் பின் இதனைக் கைப்பற்றினார். அப்படையுடன் இருந்த கவிஞர் அமீர் குஸ்ரு தம் வரலாற்று நூலில் பத்மினியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1540-இல், அதாவது 237 ஆண்டுகளுக்குப் பின், மாலிக் முகமது ஜாயசி அவதி மொழியில் இயற்றிய ‘பத்மாவத்’ என்னும் காவியமே அக்கதையைப் பரப்பியது. எனினும், கதை பிற்காலத்தது என்பதால் கோட்டைப் பெண்கள் தீக்குளித்த துயரம் பொய்யாகிவிடாது. 1535-இல் குஜராத்தின் பகதூர் ஷா படையெடுத்தபோதும், 1568-இல் அக்பரிடம் கோட்டை வீழ்ந்தபோதும் ஜோகர் நிகழ்ந்தது. 1568-இல் கோட்டைக்குள் இருந்த சுமார் 30,000 பேர் கொல்லப்பட்டதாக அக்பரின் அவையைச் சேர்ந்த அபுல் பசலே எழுதியுள்ளார். அவர்களுள் பெரும்பாலோர் உள்ளே தஞ்சம் புகுந்திருந்த உழவர்கள். காவியங்கள் அரசியரைப் பாடின, உழவர்களைப் பாடவில்லை.

1615-இல் மேவாருக்கும் முகலாயருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி கோட்டை ராணாவிடம் திரும்பியது. ஆனால், அதனைப் பழுதுபார்க்கலாகாது என்பது நிபந்தனை.

இவ்வீழ்ச்சியின் நிழல் ஒரு சமூகத்தின் வாழ்க்கைமீது இன்றும் படிந்துள்ளது. காடியா லோகார் எனப்படும் வண்டிக் கொல்லர்கள், மேவார்ப் படைக்கு ஆயுதம் வடித்தோரின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்கின்றனர். சித்தோர் மீளும்வரை நிலையான வீட்டில் வாழ்வதில்லை என்று சபதம் பூண்டு அவர்கள் வெளியேறியதாக வழக்கு. 1955-இல் பிரதமர் நேரு அவர்களைக் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார்; சபதம் நிறைவேறிற்று. ஆயினும் மாட்டுவண்டி வாழ்க்கை பலருக்கு அதன்பின்னும் முடிந்துவிடவில்லை. டிராக்டரும் ஆலைகளில் செய்யப்படும் கருவிகளும் பெருகியதால் அவர்கள் அடிக்கும் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தேவை குறைந்தது. நிலையான முகவரி இல்லாதவர்க்குப் பள்ளிச் சேர்க்கையும் ரேஷன் அட்டையும் எளிதில் கிட்டுவதில்லை. ஊர்விட்டு ஊர் செல்வோரைப் பதிவேட்டில் எங்ஙனம் சேர்ப்பது என்பது மாவட்ட நிருவாகம் தீர்க்க வேண்டிய சிக்கல்.

இக்குன்றைச் சுற்றியுள்ள நிலத்தில் சுண்ணாம்புக்கல் வளம் மிகுதி. சிமெண்ட் ஆலைகளும் அதனால் பிழைக்கும் குடும்பங்களும் பல. சுரங்க வெடிகளின் அதிர்வு, ராணா கும்பா 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பது அடுக்கு வெற்றித்தூண் முதலியவற்றைப் பாதிக்கும் என்ற முறையீடு நெடுங்காலம் வழக்கு மன்றத்தில் இருந்தது. 2013-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இராஜஸ்தானத்தின் வேறு ஐந்து மலைக் கோட்டைகளுடன் சித்தோரும் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கோட்டை மதிலிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவில் வெடிவைத்துக் கல் எடுப்பதைத் தடை செய்தது.