படத்தில் தெரியும் கிழிசலும் காலில் தெரியும் வலியும்

1918-இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைச் சோதிக்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனாபே, 1962-இல் அதே வழியில் கிழிந்த மூட்டு ஜவ்வின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். ஆர்த்ராஸ்கோபி எனப்படும் இந்தச் சிகிச்சைக்கு இன்று இரண்டு மூன்று சிறு துளைகள் போதும்.

கிழிசலைக் கண்டறிய எக்ஸ்-ரே போதாது; அது எலும்பைத்தான் நன்றாகக் காட்டும். ஜவ்வையும் தசைநாரையும் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தப்புலத்தில் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையை அது படமாக்குகிறது.

ஆனால் படத்தில் கிழிசல் தெரிந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதம் முழுக்க வலியே இல்லை!

அதற்கும் முன்பே, 2002-இல், ஹூஸ்டன் ஆய்வு ஒன்று அதிர்ச்சி தந்திருந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்கு, அவர்கள் ஒப்புதலோடு, தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அவர்களுக்கும், உண்மையான ஆர்த்ராஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. தேய்மான வலிக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியையே மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கிறார்கள்.

விளையாட்டில் அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு இடையில் சிக்கி, காலை நீட்டவே முடியாத இளைஞரின் கதை வேறு. அவருக்கு அந்தச் சிறு துளைகள் இன்றும் பெரிய வரம்.