மறுக்கத் தெரிந்த மென்பொருள்

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் நின்றிருந்தது பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று அங்கிருந்த இரண்டு பம்புகளில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். அதே பம்போடு சேர்ந்த அழுத்தக் காப்பு வால்வையும் சோதனைக்காகக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தை ஒரு தகட்டால் மூடிவிட்டுப் பகல் ஷிப்ட் இறங்கியது. வேலைக்கான அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், பம்புக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என்று தனித்தனிக் காகிதங்கள். இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பும் நின்றது. இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்குப் பம்பின் பெர்மிட் பற்றித் தெரியும். வால்வு கழற்றிக் கிடப்பது தெரியாது. நிறுத்தி வைத்திருந்த பம்பை ஓட்ட முயன்றார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

விசாரித்த நீதிபதி கல்லன் 1990-இல் 106 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தார். பெர்மிட் முறையைச் சீர்செய்வது பற்றி அதில் நிறையவே இருக்கிறது. வால்வு கழற்றிய தகவல் எழுதப்பட்டு அந்த மேடையிலேயேதான் இருந்தது. வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். கம்பெனியின் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கும் தொழிலாளியின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கடைக்காரர் டாலி மென்பொருளில் கணக்கு எழுதுகிறார் அல்லவா, ஈ.ஆர்.பி. அதற்குப் பெரியண்ணன். கொள்முதல், ஸ்டோர், மெயின்டனன்ஸ், டைம் ஆபீஸ், சம்பளம் எல்லாமே ஒரே தரவுத்தளத்தில் எழுதும், அதிலிருந்தே படிக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வந்த ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. இந்த வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று. பணத்தையும் சரக்கையும் கண்காணிக்கப் பிறந்த மென்பொருள் இது. பாதுகாப்பு பின்னால் வந்து சேர்ந்த பிள்ளை. பல ஆலைகளில் இன்றும் அப்படித்தான் நடத்தப்படுகிறது.

ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். இரசாயன ஆலை ஒன்றில் கரைப்பான் தொட்டியின் மேல் குழாயில் கசிவு. வெல்டிங் வைக்க வேண்டும். சூப்பர்வைசர் வேலை ஆணையைத் திறக்கிறார். தொட்டியின் எண்ணை அடித்ததும், அதே தொட்டியிலும் அதோடு இணைந்த பம்பிலும் நடந்துகொண்டிருக்கும் வேலைகள் எல்லாம் திரையில் வருகின்றன. காகிதத்தில் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு பெர்மிட்டுகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அடுத்து வெல்டரின் பெயர். அவர் காண்டிராக்ட் ஆள். பயிற்சி காலாவதியாகியிருந்தால் மென்பொருள் அவர் பெயரை ஏற்காது. பிறகு வாயுச் சோதனை. ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, தீப்பற்றும் ஆவி அனுமதித்த அளவைத் தாண்டினாலோ பெர்மிட் அச்சாகாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டவர் யார், சாவி யாரிடம் என்பதும் பதிவாக வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் பெர்மிட் செத்துவிடும். அடுத்த ஷிப்ட் பொறுப்பாளர் நேரில் பார்த்துத்தான் புதுப்பிக்க முடியும்.

சட்டம் பக்கம் வந்தால் இதன் அருமை இன்னும் தெரியும். லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், கிரேன், சங்கிலி, கயிறு முதலிய தூக்கு சாதனங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் தகுதியுள்ளவரைக் கொண்டு பரிசோதிக்கச் சொன்னது இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். சான்றிதழ் ஃபைலில் இருக்கும், தேதி போய்விடும், சங்கிலி மட்டும் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டோரும் சான்றிதழும் ஒரே இடத்தில் இணைந்திருந்தால், தேதி முடிந்த சங்கிலியை ஸ்டோர்காரர் வெளியே கொடுக்கவே முடியாது. வாரம் 48 மணி, ஓவர்டைமோடு சேர்த்து 60 மணி என்று அதே சட்டம் வைத்த வரம்புகளும் இப்படித்தான்: டைம் ஆபீஸ் கணக்கும் ஷிப்ட் பட்டியலும் பேசிக்கொண்டால், தூக்கக் கலக்கத்தில் மெஷினில் நிற்கப் போகிறவரை முந்தைய நாளே தடுக்கலாம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் போல விதிகள் மாறும்போது, மென்பொருளுக்குள் இருக்கும் எண்களையும் யாராவது மாற்றியாக வேண்டும். அது யார் வேலை என்று பல இடங்களில் எவருக்கும் தெரியாது.

கொள்முதலில் நடப்பது இன்னும் சுவாரசியம். விலை சல்லிசாகக் கிடைக்கிறதென்று கொள்முதல் மேலாளர் ஒரு இரசாயனத்தை மொத்தமாக வாங்கிப் போடுவார். அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989 விதிகள் பலவற்றுக்கும் ஓர் அளவு வைத்திருக்கின்றன. இருப்பு அதைத் தாண்டினால் ஆலையின் கடமைகள் கூடும். பாதுகாப்பு அதிகாரிக்கு இது லாரி வந்து நின்ற பிறகுதான் தெரியவரும். ஆர்டர் போடும்போதே இருப்பைக் கூட்டிப் பார்த்து நிறுத்தும் மென்பொருள் இருவருக்கும் இடையே வரும் சண்டையையே இல்லாமல் செய்துவிடும்.

ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் போகாமலே, மேசையில் உட்கார்ந்தபடி "ஆக்சிஜன் 20.9" என்று அடித்தால் மென்பொருள் நம்பிவிடும். ஏமாற்றின் அடையாளங்களும் அதிலேயே பதிவாகும் என்பதுதான் காகிதத்தைவிட இதற்குள்ள ஒரு மேன்மை. நான்கு நிமிடத்தில் பத்து இடங்களின் சோதனை முடிந்ததாக நேரம் காட்டினால், அங்கே யாரும் நடக்கவில்லை என்று தெரிந்துவிடும். பார்க்கத்தான் ஆள் வேண்டும். முதலாளி பார்ப்பது பெரும்பாலும் பச்சை, சிவப்பு வட்டங்கள் உள்ள முதல் பக்கத்தை. பச்சையாகக் காட்டுவது ரொம்ப சுலபம்.

தடையை மீறித் திறக்கும் அதிகாரம் எல்லா ஆலையிலும் யாரோ ஒருவரிடம் இருக்கும்; அவசரத்துக்கு அது வேண்டியதுதான். அது உற்பத்தி மேலாளர் கையில் மட்டும் இருந்தால், மாதக் கடைசியில் சரக்கு அனுப்ப வேண்டிய நாளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆலையில் இந்த ஏற்பாடு உண்மையாகவே ஓடுகிறதா என்று அறிய எனக்கு இரண்டு பட்டியல் போதும். போன மாதம் மறுக்கப்பட்ட பெர்மிட்டுகள் எவை? மறுத்ததை மீறித் திறந்தவர் யார், என்ன காரணம் எழுதினார்? முதல் பட்டியல் காலியாக இருந்தால், அந்த ஆலையின் பெர்மிட்டுகளை வேலை முடிந்த பிறகு சாயங்காலம் உட்கார்ந்து யாரோ நிரப்புகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.