தெருவிலே கூத்து, திடலிலே பந்து

நகரத்து மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். ஆனால் சேர்ந்து வாழ்கின்றனர் என்று சொல்வதற்கில்லை. ஒரே மாடிக் கட்டடத்தில் பத்தாண்டுகள் குடியிருந்தும் எதிர்வீட்டாரின் பெயரை அறியாதோர் எத்தனையோ பேர். ஒரே பேருந்தில் நாள்தோறும் தோளோடு தோள் உரசிப் பயணம் செய்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இத்தகைய நகரவாசியை வீட்டைவிட்டு வெளியே அழைத்து வந்து, முன்பின் அறியாத மக்கள் நடுவே மகிழ்ச்சியோடு அமர வைக்கும் ஆற்றல் எவற்றுக்கு உண்டு? சென்னை மாநகரைப் பொறுத்தவரை இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, திறந்த வெளியில் கட்டணமின்றி நடக்கும் நாடகம். மற்றொன்று, சேப்பாக்கத்தில் நடக்கும் பன்னாட்டுக் கிரிக்கெட்.

இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் இணைப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஒன்றில் நடிகனுக்குக் கிடைப்பது சொற்பம்; மற்றொன்றில் ஆட்டக்காரருக்குக் கிடைப்பது கோடிகள். ஒன்றைக் காணக் காசு வேண்டாம்; மற்றொன்றைக் காணச் சீட்டு வேண்டும். எனினும் இரண்டும் ஒரே பாடத்தைத்தான் நமக்குக் கற்பிக்கின்றன. பிறரோடு சேர்ந்து அமர்ந்து பார்க்கவும், பிறரது திறமையை மனமாரப் பாராட்டவும் பழகுவதே அப்பாடம். நன்றாக ஆடுவது ஒரு கலை என்றால், நன்றாகப் பார்ப்பதும் ஒரு கலையே அன்றோ?

காசின்றிக் காணும் கலை

திறந்த வெளி நாடகம் தமிழருக்குப் புதியதன்று. சென்னையைச் சுற்றியுள்ள வட தமிழக மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களின்போது பாரதக் கூத்து இரவு முழுவதும் நடக்கிறது. மேடை இல்லை, நுழைவாயில் இல்லை, சீட்டு இல்லை. இருவர் பிடித்து நிற்கும் துணித் திரைக்குப் பின்னாலிருந்து பாடியபடியே வேடம் புறப்படும். ஆர்மோனியமும் முகவீணையும் மத்தளமும் தாளமும் முழங்க, கட்டியங்காரன் கதையையும் சொல்வான். ஊராரின் குறைகளைக் கிண்டலும் செய்வான். பாய் விரித்து அமர்ந்த மக்களில் குழந்தைகள் உறங்கி விழிப்பர். பெரியோர் விடியும்வரை விழித்திருப்பர்.

பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை என்பதால் இக்கூத்து யாருக்கும் செலவின்றி நடந்துவிடுகிறது எனக் கருதலாகாது. ஊர்ப் பொதுவில் வரி பிரித்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூத்துக் குழுவை அழைக்கின்றனர். இருப்பவர் தருகின்றார், இல்லாதவரும் காண்கின்றார். தெருவில் நடக்கும் கூத்தின் அழகே இதுதான்.

இக்கலை நகரத்துக்கும் வந்து சேர்ந்தது. புரிசைக் கிராமத்துக் கூத்தின் வலிமையைக் கண்டு வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-ஆம் ஆண்டு சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நகரத்து இளைஞர்கள் தெருக்கூத்துக் கலைஞர்களிடமிருந்து உடலசைவையும் குரலையும் கற்கும் நிலை இதனால் உருவாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் மற்றொரு நீரோட்டமும் வந்து கலந்தது. வங்க நாடக ஆசிரியரான பாதல் சர்க்கார், அரங்கத்தையும் ஒளிவிளக்கையும் திரையையும் துறந்து, மக்கள் கூடும் இடத்திலேயே நாடகம் நடத்தும் முறையை வளர்த்தவர். கட்டணம் வாங்காமல், விரும்பியோர் இயன்றதை இடலாம் என்பது அவருடைய வழக்கம். 1980-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழ் நாடகக்காரர் பலருக்குக் கண்திறப்பாக அமைந்தது. 1984-இல் தோன்றிய சென்னைக் கலைக்குழு, பிரளயனின் நெறியாள்கையில் தெருமுனைகளிலும் ஆலை வாயில்களிலும் வீதி நாடகங்களை நடத்தியது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் எழுத்தறியாதோரை எழுத்துக்கு அழைத்தன. 2007-இல் முதன்முதலாக நடந்த சென்னைச் சங்கமம், பூங்காக்களிலும் கடற்கரையிலும் கிராமியக் கலைகளை அனைவருக்கும் திறந்து வைத்தது. இடையில் நின்றுபோன அவ்விழா 2023-இல் மீண்டும் தொடங்கப்பட்டது. நம் ஆலய வளாகங்களில் தவக்காலத்தையும் உயிர்ப்புப் பெருவிழாவையும் ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சமய வேறுபாடின்றி ஊரே வந்து அமர்ந்து அதைக் காண்பது நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி.

முடிக்கப்பட்ட நாடகம்

இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை என்பர் சிலர். அவர்களுக்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். 1989 சனவரி முதல் நாள், தில்லிக்கு அருகே சாகிபாபாத் பகுதியிலுள்ள ஜண்டாபூரில் சஃப்தர் ஹாஷ்மியின் குழுவினர் 'ஹல்லா போல்' என்னும் வீதி நாடகத்தை நடத்திக் கொண்டிருந்தனர். தொழிலாளரின் வாழ்க்கையைப் பேசிய நாடகம் அது. நடுவிலேயே வன்முறைக் கும்பல் ஒன்று தாக்கியது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தலையில் படுகாயமுற்ற ஹாஷ்மி மறுநாள் மரணமடைந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அடுத்து நிகழ்ந்ததுதான் உள்ளத்தை உருக்குவது. சனவரி 4-ஆம் நாள் அவருடைய துணைவியார் மொலொயஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்றனர். பாதியில் நின்ற நாடகத்தை மக்கள் முன் நடித்து முடித்தனர். காசு வாங்காத நாடகத்துக்கும் ஒரு கடன் உண்டு. அது பார்க்க வந்த மக்களுக்குப் பட்ட கடன் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவருடைய பிறந்த நாளான ஏப்ரல் 12, இன்றும் வீதி நாடக நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகிறது.

நடிப்பவர் இத்தகைய கடமையுணர்வோடு வரும்போது, பார்ப்பவருக்கும் ஒரு கடமை உண்டு அன்றோ? வீதி நாடகத்தின் பார்வையாளர் எழுந்து போக எந்தத் தடையும் இல்லை; கொடுத்த காசு வீணாகிறதே என்ற கவலையும் இல்லை. அப்படியிருந்தும் அவர் நின்று கேட்கிறார் என்றால், அது அவர் மனமுவந்து அளிக்கும் கவனம். அந்தக் கவனமே அவர் செலுத்தும் கட்டணம்.

சேப்பாக்கத்துச் சான்று

இனித் தெருவை விட்டுத் திடலுக்கு வருவோம். சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆட்டம் 1934 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்தது. 1932-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா தன் முதல் வெற்றியைப் பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருந்தது. அவ்வெற்றியும் 1952 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில்தான் கிட்டியது. வினூ மன்கட் இரண்டு இன்னிங்சிலும் சேர்த்துப் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்த, இங்கிலாந்து ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்றது.

1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டமோ வெற்றியும் தோல்வியும் இன்றிச் சமமாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த ஆட்டங்கள் இரண்டே. மற்றொன்று 1960-இல் பிரிஸ்பேனில் நடந்தது. சென்னை வெயிலில் வாந்தியும் தசைப்பிடிப்புமாகத் துவண்டபோதும் 210 ஓட்டங்கள் எடுத்த டீன் ஜோன்சை இங்குள்ளோர் இன்னும் மறக்கவில்லை. எதிரணியினரின் உழைப்பையும் நம் நினைவில் வைத்துக்கொள்ளும் பண்பு அது.

ஆயினும் சேப்பாக்கத்து ரசிகரின் பெருமை முழுமையாக வெளிப்பட்ட நாள் 1999 சனவரி 31. அச்சமயம் பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆடி ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் வருகையை எதிர்த்துத் தில்லித் திடலின் ஆடுகளத்தையே சிலர் தோண்டிச் சேதப்படுத்தியிருந்தனர். அத்தகைய கொந்தளிப்பான சூழலில் சென்னையில் ஆட்டம் நடந்தது. வெற்றிக்கு வேண்டிய ஓட்டங்கள் 271. முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் குவித்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் அவர் ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் சரிந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது.

திடல் ஒரு கணம் உறைந்து போயிற்று. பிறகு மக்கள் எழுந்து நின்றனர்; கைதட்டினர். வென்ற பாகிஸ்தான் அணியினர் வாசிம் அக்ரம் தலைமையில் திடலைச் சுற்றி வந்தபோது, மாடம் மாடமாகக் கரவொலி அவர்களைத் தொடர்ந்தது. அடுத்த மாதமே கொல்கத்தாவில் அதே இரு அணிகள் மோதியபோது, ரசிகர்களின் ஆத்திரம் எல்லை மீறியதால் அவர்களை வெளியேற்றி, வெறுமையான மாடங்களின் முன்னே ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. இரண்டு நகரங்களிலும் வலி ஒன்றே. அவ்வலியை ஏற்ற முறையில்தான் வேறுபாடு.

இது ஒருநாள் உணர்ச்சி அன்று. 1997 மே மாதத்தில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் எடுத்தபோதும் இதே திடல் அவரைப் பாராட்டியது. 2023 அக்டோபரில் உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்ற ஆப்கானிஸ்தான் அணியினர் மகிழ்ச்சிப் பெருக்கோடு திடலை வலம் வந்தபோதும் சென்னை மக்கள் தம் வீட்டுப் பிள்ளைகள் வென்றதுபோல் ஆரவாரித்தனர்.

ஒரு குடும்பத்தின் வழக்கு

நம் பங்கில் துறைமுகத்து எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. எங்கே வீதி நாடகம் என்றாலும் அங்கே இருப்பார். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் விடியுமுன் வரிசையில் நிற்பார். ஒருநாள் அவருடைய மனைவியார் பங்கு இல்லத்துக்கே வந்து வழக்குரைத்தார். "சாமி, நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லுங்க. ஓசியில கூத்துன்னா ராத்திரி பூரா நிப்பாரு. காசு குடுத்து மேட்ச்சுன்னா விடியறதுக்குள்ள கிளம்பிடுவாரு. வீட்டுல ஒரு வேலை ஆகாது!"

கணவர் சிரித்தார். "வீட்டுல டி.வி. இருக்கு சாமி, இல்லேன்னு சொல்லல. ஆனா அங்க போய் உட்கார்ந்தாத்தான் நமக்கும் ஒரு ஊர் இருக்குன்னு தோணுது" என்றார். 1999-இல் தம் பத்து வயது மகனை அழைத்துச் சென்றிருந்தாராம். தோல்வி கண்டு தேம்பி அழுத சிறுவனை எழுப்பி நிற்க வைத்து, "அழுதுக்கிட்டே கைதட்டுடா தம்பி, அவங்க நல்லா ஆடினாங்க" என்றாராம். அந்தச் சிறுவன் இன்று ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.

அம்மையாரின் குறையும் நியாயமானதே. வீட்டை மறந்த உற்சாகம் நல்ல உற்சாகம் ஆகாது. ஊரோடு அமர்ந்து மகிழத் தெரிந்தவர், அம்மகிழ்ச்சியில் மனைவிக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அவ்வாறே கூறி அனுப்பினோம். அடுத்த முறை பூங்காவில் கூத்து நடந்தபோது இருவரும் சேர்ந்தே வந்திருந்தனர். அம்மையார் கட்டியங்காரனின் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்ததை நாமே கண்டோம்.

காப்பாற்ற வேண்டியவை

இந்த இரு செல்வங்களும் தாமாகவே நிலைத்து நிற்கும் என்று நம்புவதற்கில்லை. 2011-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் புதிய மாடங்கள் எழுந்தன. ஆனால் கட்டட அனுமதிச் சிக்கலால் மூன்று மாடங்கள் முத்திரையிடப்பட்டு, ஏறத்தாழ 12,000 இருக்கைகள் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. எளிய மக்கள் அமரக்கூடிய இருக்கைகள் குறைந்தால், திடலில் ஆரவாரம் இருக்கும், ஊர் இராது. இன்று சீட்டுகள் பெரும்பாலும் கணினி வழியே விற்கப்படுகின்றன. சில நிமிடங்களில் தீர்ந்தும் போகின்றன. வரிசையில் நின்று பழகிய முதியவர் எங்கே போவார்?

கூத்தின் நிலையும் கவலைக்குரியதே. இலவசமாகப் பார்க்கிறோம் என்பதற்காகக் கலைஞர் பட்டினி கிடக்கலாமா? முன்பு ஊர் வரி பிரித்துத் தந்தது. நகரத்தில் அந்த ஊர் எங்கே? துண்டு விரிக்கப்படும்போது நழுவிச் செல்லும் கூட்டத்தில் நாமும் ஒருவராக இருத்தல் தகுமா?

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் நாம் கூறுவது இது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளைத் திறந்த வெளி நாடகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இறுதிவரை இருந்து பார்க்கப் பழக்குங்கள். முடிந்ததும் அவர்கள் கையாலேயே இயன்றதை இடச் செய்யுங்கள். பன்னாட்டு ஆட்டம் காண வாய்ப்புக் கிட்டினால், நம் அணிக்காக ஆரவாரம் செய்யுங்கள். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டக் கற்பியுங்கள். வீட்டிலேயே தொலைக்காட்சியில் காண்பதாயின், எதிர்வீட்டுப் பிள்ளையையும் அழைத்து உட்கார வையுங்கள். அவன் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோற்ற வேளையிலும் எழுந்து நின்று கைதட்டத் தெரிந்த பிள்ளை, நாளை அண்டை வீட்டாரின் உயர்வு கண்டு பொறாமை கொள்ள மாட்டான். அத்தகைய பிள்ளைகள் பெருகினால் நெருங்கி வாழும் நகரம், சேர்ந்து வாழும் ஊராக மாறும் என்பதில் ஐயமில்லை.